கைராசிக்கு ஆள் பழக்குவது

1

எங்கள் பிரிவின் சுவரில் போன வருஷக் கடைசியில் ஒரு பெரிய அட்டவணை ஒட்டினார்கள். இடது பக்கம் வேலைகள், மேலே எங்கள் பெயர்கள். யாருக்கு எந்த வேலை தெரியுமோ அந்தக் கட்டத்துக்குப் பச்சை, மற்றதெல்லாம் வெள்ளை. நான் வேலை செய்வது மெல்பர்னில் ஓர் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில். சத்திரசிகிச்சைக்குப் போய்த் திரும்பி வரும் கத்தி, கத்தரிக்கோல், இடுக்கி எல்லாவற்றையும் கழுவி, குறை பார்த்து, தட்டில் அடுக்கி, நீராவியில் அவித்து மறுபடி மேலே அனுப்புவது எங்கள் தொழில். எங்கள் ஊரான கண்டியில் யாராவது கேட்டால் "ஆஸ்பத்திரியில் வேலை" என்று சொல்லி அதோடு நிறுத்திக்கொள்வேன். விளக்கப் போனால் பாத்திரம் கழுவுகிறாள் என்று முடித்துவிடுவார்கள். அதுவும் பெரிய பொய் இல்லை.

அட்டவணையில் 'முழங்கால், இடுப்பு' என்ற வரிசையில் ஒரேயொரு பச்சைக் கட்டம்தான் இருந்தது. அது என் பெயருக்குக் கீழே இருந்தது. எலும்புச் சத்திரசிகிச்சைத் தட்டுகள் கரைச்சல் பிடித்தவை. ஒவ்வொரு கம்பனியின் கருவியும் ஒவ்வொரு மாதிரி, ஒரு திருகாணி மாறினாலும் மேலேயிருந்து தொலைபேசி வரும். பல வருஷமாக அந்த மேசை என்னுடையது. தனியாக நின்ற அந்தப் பச்சையைப் பார்க்க எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன். கைபேசியில் படம் எடுத்து வீட்டு வாட்ஸ்அப் குழுவுக்கும் அனுப்பினேன்.

பின்னால் வந்து நின்ற எங்கள் மேலாளர் ஹெலன் அந்தக் கட்டத்தை விரலால் தொட்டுக் காட்டினாள். "மல்லிகா, எங்களுக்கு இருக்கிற பெரிய ஆபத்து இதுதான்" என்றாள். "நாளைக்கு நீ வராவிட்டால் ஒருவருக்கும் முழங்கால் மாற்ற முடியாது." அவள் குரலில் குறை சொல்லும் தொனி இல்லை. குழாய் எங்கே ஒழுகுகிறது என்று காட்டுகிறவளைப் போலத்தான் காட்டினாள். அதற்குள் வீட்டுக் குழுவில் என் தம்பி சிவா கண்டியிலிருந்து ஒரு கைத்தட்டல் படம் போட்டிருந்தான்.

அன்று சாப்பாட்டு மேசையில் இதை மகள் மீராவிடம் சொன்னேன். அவளுக்குக் கணினிக் கம்பனியில் வேலை.

"எங்கட ஒஃபிசிலயும் இது இருக்கம்மா" என்றாள். "எத்தின பேரை பஸ் அடிச்சா வேலை நிக்கும் எண்டு பாப்பம். ஒரு ஆளை அடிச்சாலே நிக்கும் எண்டா அது கூடாத டீம்."

"வாயக் கழுவு" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. கணக்குத்தானே என்றாள். கண்டியில் ஒரு தேநீர்க் கடையில் சாயத்தண்ணி குடித்துக்கொண்டு பக்கத்து ஆளிடம் 'உன்னைப் பஸ் அடித்தால்' என்று தொடங்கிப் பார்க்கட்டும். மிச்சத்தைச் சொல்லவே விடமாட்டார்கள், உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டுவிடுவார்கள். மீராவின் தமிழ் இங்கே சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்தில் யாழ்ப்பாணத்து ஆசிரியைகளிடம் கற்றது. நான் 'வாங்க' என்றால் அவள் 'வாங்கோ' என்பாள். தொலைபேசியில் "ஓம் மாமா" என்று தொடங்கினால் சிவா, "யாழ்ப்பாணத்துல இருந்து யாரு பேசுறது?" என்று சீண்டுவான். அந்தச் சீண்டலுக்குப் பயந்தோ என்னவோ இப்போது அவனோடு ஆங்கிலத்தில்தான் பேசுகிறாள்.

2

பஸ் அடிக்கும் கணக்கில் பார்த்தால் உலகத்திலேயே மோசமான வேலைத்தலம் எங்கள் அப்பாவின் கடைதான்.

கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு ஒடுங்கிய தெருவில் ஜவுளிக்கடை. எங்கள் வீடு அம்பிட்டியவில். அப்பா காலையில் இறங்கி வந்து கதவைத் திறந்து, சாம்பிராணி போட்டு, காசு லாச்சிக்குப் பின்னால் கதிரையில் உட்காருவார். அதற்குப் பிறகு கடையில் எவரும் ஒன்றும் செய்யமாட்டார்கள். துணி மடிக்கலாம், தூசு தட்டலாம். தேநீர் மட்டும் குடிக்கக்கூடாது. போணி ஆக வேண்டும். நாளின் முதல் விற்பனை நடந்து முடியும் வரைக்கும் எல்லோரும் காய்ந்த தொண்டையோடு வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். முதல் வாடிக்கையாளர் வெறுங்கையோடு திரும்பக்கூடாது. அதனால் காலையில் வருகிற கெட்டிக்காரர்களுக்கு எங்கள் கடையில் நல்ல காலம்.

அந்த முதல் விற்பனையை ரஸீன் நாநாதான் செய்ய வேண்டும். முஸ்லிம் வீடுகளில் அண்ணனை நாநா என்பார்கள், எங்களுக்கும் அவர் நாநாதான்.

ரஸீன் நாநா திகனவிலிருந்து பஸ்ஸில் வருபவர். அவர் கடைக்குச் சேர்ந்தபோது மீசை அரும்பிய வாலிபர், நான் சின்னப் பிள்ளை. கடை அப்போது மந்தமாக இருந்ததாம். அவர் நின்ற முதல் நாள் காலை, பன்வில பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு கல்யாணக் கூட்டம் லொறி பிடித்து வந்து இறங்கியிருக்கிறது. கூறைப் புடவையிலிருந்து மாப்பிள்ளையின் தலைப்பாகை வரைக்கும் எல்லாவற்றையும் அவரிடமே வாங்கிப் போயிருக்கிறார்கள். அன்றைக்கே அப்பா முடிவு செய்துவிட்டார், இவனுக்குக் கைராசி என்று. அதற்குப் பிறகு கடையில் போணி வேறு ஒருவர் கையால் நடந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

அவருக்குக் காய்ச்சல் என்றால் அப்பா திகனவுக்கு வேன் அனுப்புவார். போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து, யாருக்காவது ஒரு லேஞ்சியை, கைக்குட்டையைத்தான், விற்றுவிட்டு, அதே வேனில் திரும்பிப் போவார். அவருடைய சொந்த மகளின் நிக்காஹ் நாள் காலையிலும் வந்தார். புதுச் சட்டை போட்டிருந்தார். ஒரு பிள்ளைக்குப் பாவாடைத் துணி வெட்டிக் கொடுத்து, கையைத் துடைத்து, மகளின் கல்யாணத்துக்குப் புறப்பட்டுப் போனார். பிறகு நாங்கள் எல்லோரும் தேநீர் குடித்தோம். அன்று எங்களில் ஒருவருக்கும் இது அநியாயமாகத் தெரியவில்லை. எவ்வளவு விசுவாசமான மனிதர் என்று பேசிக்கொண்டோம்.

அப்பா போன பிறகு கடை தம்பியிடம் வந்தது. சிவா பழைய ஆள் இல்லை. பிளக் உள்ள எல்லாவற்றையும் மாற்றிவிட்டான். கணினியில் பில், கார்ட் மெஷின், கமரா, குளிரூட்டி. நதீஷா என்று ஒரு சிங்களப் பிள்ளையைச் சேர்த்தான். அவள் புடவைகளைத் தோளில் போட்டுக் காட்டி முகநூலில் நேரலையாக விற்கிறாள். இரவோடு இரவாக மாத்தறையிலிருந்தும் மன்னாரிலிருந்தும் ஓடர் வந்து குவியும். ஆனால் காலையில் ரஸீன் நாநா கடைக்குள் முதல் துணியைக் கொடுக்கும் வரைக்கும் நதீஷா அந்தப் பொதிகளில் ஒரு டேப் ஒட்டக்கூடாது. அவை விற்பனைக் கணக்கில் வராது, அவளுக்குத் தேநீரும் வராது.

3

ஜனவரியில் சிவாவின் அழைப்பு வந்தது. வழக்கத்துக்கு மாறாக எடுத்தவுடன் விஷயத்துக்கு வந்தான்.

"அக்கா, நாநாவுக்கு முழங்கால் ஒப்பரேஷனுக்குத் திகதி குடுத்துட்டாங்க."

நல்ல விஷயந்தானே என்றேன். இரண்டு முழங்காலும் தேய்ந்து, பஸ் படியில் ஏறுவதற்கே அவரை யாராவது தூக்கிவிட வேண்டியிருந்தது. அரசாங்க ஆஸ்பத்திரி வரிசையில் நெடுங்காலம் காத்திருந்தவர்.

"மார்ச்சுலக்கா. அதுக்குப் பிறகு எத்தனையோ கிழமை நடக்க ஏலாதாம். வருஷ சீசன் என்னா ஆகும்?"

சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய வாரங்களில்தான் எங்கள் கடை வருஷம் முழுக்கச் சாப்பிடுவதைச் சம்பாதிக்கிறது. தமிழரும் சிங்களவரும் ஒன்றாகத் துணி எடுக்கும் காலம். அது எனக்கும் தெரியும்.

"யாரையாவது பழக்கு சிவா" என்றேன். ஹெலனின் வார்த்தைகள் என் வாயில் சரளமாக வந்தன. ஓர் ஆளை நம்பி ஒரு வேலைத்தலம் இருக்கக்கூடாது, ஒவ்வொரு வேலைக்கும் குறைந்தது இரண்டு பேர் வேண்டும், அப்போதுதான் எந்த மாற்றம் வந்தாலும் தாங்கும் என்றெல்லாம் சொன்னேன்.

அவன் பொறுமையாகக் கேட்டான். பிறகு கேட்டான், "கைராசிக்கு எப்பிடிக்கா ஆள் பழக்குறது?"

நீ என்ன யோசித்து வைத்திருக்கிறாய் என்று திருப்பிக் கேட்டேன்.

அவனிடம் இரண்டு யோசனைகள் இருந்தன. ஒன்று, ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து வாட்ஸ்அப் வீடியோவில் நாநா வாடிக்கையாளரிடம் பேசுவது. கைபேசியைத் துணிக்கு மேலே பிடித்தால் கை பட்டதாகக் கணக்கு. இதை அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை. நாநாவின் மகளிடம் ஆஸ்பத்திரியில் வைஃபை இருக்கிறதா என்றுகூடக் கேட்டிருக்கிறான். மற்றது, ஒப்பரேஷனைத் தள்ளிப் போடுவது.

"தள்ளினா திரும்ப வரிசையில கடைசிக்குப் போவாரு சிவா. இன்னும் எத்தனை வருஷமோ."

"தெரியும். அதான் உங்ககிட்ட சொல்றேன். நான் கேட்டேன், சரின்னு தலையாட்டிட்டாரு. ஆனா அவரு பொஞ்சாதிக்குக் கோபம். நீங்க ஒரு வார்த்தை பேசுங்க. இந்தக் கிழமைக்குள்ள ஆஸ்பத்திரிக்குச் சொல்லணுமாம்."

பேசுகிறேன் என்றேன். எதைப் பேசுவது என்று எனக்கே தெளிவில்லை. அப்பாவின் கடை படுத்துவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் எனக்குள்ளும் ஒரு மூலையில் இருந்தது. தூரத்தில் இருப்பதால் அது குறைந்துவிடவில்லை.

4

இங்கே என் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

என் மேசையை மரிசெல் என்ற பிலிப்பைன்ஸ் பெண்ணுக்குப் பழக்கும்படி ஹெலன் சொன்னாள். சரி என்றேன். ஆனால் இந்த நாட்டில் ஒருவருக்கு ஒன்றைச் சொல்லிக் கொடுக்க வேண்டுமென்றால் முதலில் சொல்லிக் கொடுப்பதற்குத் தகுதி இருக்கிறதென்று காட்ட வேண்டும். அதற்குக் கணினியில் ஒரு பரீட்சை. கேள்வியெல்லாம் நான் தினமும் செய்கிற வேலையைப் பற்றியது. முதல் தடவை சித்தியடையவில்லை. நான் செய்கிறபடி பதில் எழுதினேன், அவர்களுக்குக் கையேட்டில் உள்ளபடி வேண்டும். மீரா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். அவளே பக்கத்தில் உட்கார்ந்து கையேட்டை வாசித்துக் காட்ட, இரண்டாம் தடவை தப்பினேன்.

மார்ச்சில் லீவு எடுத்துக் கண்டிக்குப் போகலாமா என்று ஒரு யோசனையும் வந்தது. அவசர லீவுப் படிவத்தில் நோயாளி உங்களுக்கு என்ன முறை என்று கேட்டிருந்தது. தாய், தகப்பன், துணை, பிள்ளை என்று போய்க் கடைசியில் 'வேறு' என்று ஒரு பெட்டி, விளக்கம் எழுத இடம். அப்பாவின் கடையில் போணி செய்கிறவர் என்று எழுதினால் ஹெலன் என்னை நேரே மனநல மருத்துவரிடம் அனுப்பியிருப்பாள். தவிர, மரிசெல் பழகி முடியும் வரை எனக்கு லீவு கிடையாதென்று அவள் முன்னரே சொல்லியிருந்தாள். கணினியை மூடிவிட்டேன்.

மரிசெல் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். அது எனக்குப் பிடிக்கவில்லை. நான் வருஷக்கணக்காகத் தட்டுத் தடுமாறிப் படித்ததை அவள் கைபேசியில் படம் பிடித்து, படத்தைப் பார்த்து அடுக்கினாள். ஒரு நாள், "மல்லிகா, இது நீ சொன்ன மாதிரி அவ்வளவு கஷ்டமில்லையே" என்று வெள்ளந்தியாகச் சொன்னாள். அன்று முழுக்க அவளோடு சரியாகப் பேசவில்லை.

5

ரஸீன் நாநாவை ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்தேன். அவர் மனைவி எடுத்து, "ஈக்குறார், குடுக்குறன்" என்று கைபேசியை அவரிடம் கொடுத்தார். அவர்கள் பேச்சில் இருக்கிறார் என்பது ஈக்குறார், சொன்னார் என்பது சென்னார். குரலில் கோபம் ஆறவில்லை.

சுகம் விசாரித்து முடிந்தது. மழையைப் பற்றிப் பேசினோம். திகனப் பாதையில் நெரிசலைப் பற்றிப் பேசினோம். நான் விஷயத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தேன். அவர்தான் உடைத்தார்.

"தம்பி பேசச் சென்னாரா தங்கச்சி?"

"ஆமா நாநா."

"நான் தள்ளிப் போடுறன் என்டு செல்லிட்டேன். அவர் கேட்டா நான் மாட்டேன் என்டு செல்லமாட்டேன்" என்றார். "ஆனா ஒங்களுக்கிட்ட ஒன்டு செல்லணும். தம்பிக்கிட்ட செல்ல எனக்கு வாய் வருதில்ல."

"சொல்லுங்க நாநா."

"என்ட கையில ராசியும் இல்ல, ஒன்டும் இல்ல. தாறது அல்லாஹ். கையில ராசி ஈக்குது என்டு நம்புறது எங்கட மார்க்கத்துல கூடாது. நான் ஒரு நாளும் நம்பல்ல. பிஸ்மி செல்லித்தான் துணிய குடுப்பேன். ஆனா நாலு பேர் அப்டி நம்புறத்துக்கு தினமும் இந்தக் கைய நீட்டிக்கிட்டு ஈந்தேன் தானே? இப்ப வயசு போகுது தங்கச்சி. நாளைக்கு மறுமையில அல்லாஹ் கேள்வி கேட்டா என்னன்டு செல்ற?"

நான் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இத்தனை வருஷத்தில் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றாத விஷயம் இது. நாங்கள் அவருக்கு ஒரு பெருமையைக் கொடுத்து வைத்திருந்ததாக நினைத்தோம். தொழுகைக்கு நேரம் ஒதுக்கினோம், நோன்புக்குச் சீக்கிரம் விட்டோம், பெருநாளுக்குத் துணி கொடுத்தோம். தினமும் காலையில் அவருக்கு உறுத்துகிற ஒன்றைச் செய்ய வைத்திருந்தோம் என்று யாரும் யோசிக்கவில்லை.

"அப்பாகிட்ட சொல்லியிருக்கலாமே நாநா."

"சென்னேன். ஒரு நாள் சென்னேன். முதலாளி சிரிச்சார். 'நீ நம்பாட்டி பரவாயில்ல ரஸீன், நான் நம்புறேன்' என்டார்." அவரும் சிரித்தார். "அதுக்குப் பொறகு என்னத்த செல்ற? அது அவர் எனக்கு தந்த மரியாத. சாமான் என்டா திருப்பிக் குடுக்கலாம். மரியாதய எப்டி திருப்பிக் குடுக்குற?"

பின்னாலிருந்து அவர் மனைவி என்னவோ சொன்னார்.

"கால் நோவு பெரிசில்ல" என்றார் நாநா. "நொண்டிக்கிட்டாவது போவேன். இந்த போணிய மட்டும் யாராவது என்டக்கிட்ட இருந்து எடுத்தா போதும்."

6

அன்றே சிவாவை அழைத்தேன். முதலில் சண்டைதான்.

"நீங்க அங்க இருந்து சொல்லுவீங்கக்கா. சீசன்ல யாவாரம் படுத்துருச்சுன்னா ஏழு பேருக்குச் சம்பளம் யாரு குடுக்குறது? இத்தனை வருஷம் நடந்தது சும்மாவா?"

"நாநாவுக்கு இது பாவம் சிவா."

"என்னா பாவம்?"

அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். சிவா வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவன். பாவம் என்ற சொல்லை இலேசாக எடுத்துக்கொள்ளத் தெரியாதவன். கடைசியில் அவன் கேட்டது ஒன்றுதான்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். நாநா சொல்லியிருக்காரு."

"தெரிஞ்சுமா?"

"அப்பா நம்பினாரு சிவா. அவ்வளவுதான்."

"நானும்தான் நம்புறேன்" என்றான் மெதுவாக. எனக்கு அவன்மேல் இரக்கமாக இருந்தது. கார்ட் மெஷினும் கமராவும் வாங்குகிற தைரியம் வேறு, இது வேறு. பிறகு சொன்னான், "சரிக்கா. திகதிய மாத்த வேணாம்னு நானே போயி சொல்றேன்."

சொன்னபடி மனைவியையும் கூட்டிக்கொண்டு திகனவுக்குப் போனான். பழம் வாங்கிப் போயிருக்கிறான். "நாநா, இனி போணி உங்க வேலை இல்ல, காலப் பாருங்க" என்று சொல்லியிருக்கிறான். நாநா அவன் தலையைத் தடவிவிட்டு, வட்டிலாப்பம் சாப்பிட வைத்து அனுப்பியிருக்கிறார்.

7

நாநா இல்லாத முதல் காலையைப் பற்றி அன்றைக்கே சிவா சொல்லக் கேட்டேன். கடை பூட்டியதும் அழைத்தான். இங்கே எனக்கு நள்ளிரவு, தூங்காமல் காத்திருந்தேன்.

கடை திறந்ததும் எல்லோருக்கும் பின்பக்கத்தில் அவசர வேலை வந்துவிட்டதாம். புடவைப் பகுதியைப் பார்க்கும் செல்வி பழைய பெட்டிகளை அடுக்கப் போனாள். சேர்ட் பகுதிக்காரர் கழிவறைக்குப் போனவர் வரவில்லை. வியாபாரம் கெட்டால் தன் கையால் கெட்டதென்ற பேர் ஒருவருக்கும் வேண்டாம். வாசலில் அம்பிட்டியப் பக்கத்துச் சிங்கள அம்மா ஒருவர் வந்து நின்றார். கடையில் நதீஷாவும் சிவாவும் மட்டும்.

அந்த அம்மாவுக்கு வேண்டியது வெள்ளைத் துணி. பௌர்ணமிப் போயா நாளில் பன்சலைக்கு, அவர்களுடைய விகாரைக்கு, போய்ச் சில் எடுத்து விரதமிருக்கும்போது உடுப்பதற்கு.

"முதல் போணி வெள்ளத் துணி, அக்கா" என்று சிவா தொலைபேசியில் என்னிடம் சொன்னான். எங்கள் ஆட்களிடையே வெள்ளை என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. நாநாவாக இருந்தால் பேச்சோடு பேச்சாக ஒரு சிவப்பு லேஞ்சியை முதலில் கையில் திணித்திருப்பார். சிவாவுக்கு அது ஓடவில்லை. அப்படியே நின்றிருக்கிறான்.

நதீஷாதான் பேசியிருக்கிறாள், அவளுடைய தமிழில். "சேர், எங்களுக்கு வெள்ளதானே நல்லது. பன்சலைக்கு கட்டுறது. நல்ல நாளைக்கு கட்டுறது. குடுங்க."

சிவா கொடுத்தான். கடைக்கு முதலாளியாகிக் கத்தரிக்கோலைப் பிடித்தே காலமாகிவிட்டது. துணி கோணலாகப் போனது. அதைச் சரிக்கட்ட ஒரு சாண் கூடுதலாக வெட்ட வேண்டியதாயிற்று. அந்த அம்மா, ஆறுதலாக வெட்டுங்கள், எனக்கு அவசரமில்லை என்று சிங்களத்தில் சமாதானம் சொன்னாராம். அவர் போனதும் பின்பக்கத்தில் வேலையிருந்த எல்லோருக்கும் வேலை முடிந்துவிட்டது. தேநீர் வந்தது.

"பிறகு?" என்றேன்.

"பிறகு ஒண்ணுமில்லக்கா. சாதாரண நாள்தான். கூடவும் இல்ல, குறையவும் இல்ல." அவன் குரலில் ஏமாற்றம் இருந்தது. ஒரு பெரிய அடி விழும் என்று காத்திருந்தவன், விழாததால் குழம்பிப் போயிருந்தான்.

அடுத்தடுத்த நாள்களில் யார் முன்னால் நின்றார்களோ அவர்கள் விற்றார்கள். சீசன் வந்தது, கூட்டம் வந்தது, நல்லபடியாகப் போனது. இரவில் வரும் ஓடர்களின் பொதிகளை நதீஷா காலையில் கடை திறந்ததும் ஒட்டத் தொடங்குகிறாள். இப்போதெல்லாம் அவள்தான் முதலில் தேநீர் குடிப்பதாகச் சிவா சொல்கிறான்.

8

அதே மார்ச் மாதம் என் மேசையில் மரிசெல் தனியாக நின்றாள். என்னைக் கண் சத்திரசிகிச்சைக் கருவிகளுக்கு மாற்றியிருந்தார்கள், இரண்டு மேசை தள்ளி. அன்று மேலே முழங்கால் மாற்று இருந்தது. என் காது மேலேயிருந்து வரும் தொலைபேசியிலேயே இருந்தது. ஏதாவது குறையும், 'மல்லிகாவைக் கூப்பிடு' என்று சொல்வார்கள் என்று இருந்தேன். மரிசெல் ஒரு தடவையாவது திரும்பி என்னைப் பார்ப்பாள் என்றும் இருந்தேன். தொலைபேசி அடிக்கவில்லை. அவள் திரும்பவில்லை. எனக்குத் துக்கமாக இருந்தது. அழுகை வருகிற அளவுக்கு இருந்தது.

மாலையில் ஹெலன் வந்து அட்டவணையில் அதே வரிசையில் மரிசெல்லின் கட்டத்துக்கும் பச்சை பூசினாள். "இனி நீ எப்ப வேண்டுமானாலும் லீவு எடுக்கலாம்" என்று சந்தோஷமாகச் சொன்னாள். நன்றி என்றேன். இந்த வேலைத்தலத்தில் இனி யாரைப் பஸ் அடித்தாலும் வேலை நிற்காது. அது நல்லதென்று எனக்குத் தெரியும். நல்லதென்று தெரிவதால் துக்கம் குறையவில்லை என்பதையும் எழுதி வைக்கிறேன்.

9

புத்தாண்டு கழிந்து நாநாவை அழைத்தேன். ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்து வீட்டுக்கு வந்திருந்தார். நடைபழகும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு முற்றம் வரைக்கும் நடக்கிறாராம். அந்த முழங்காலுக்குள் என்னென்ன கருவிகள் போய் வந்திருக்கும் என்று எனக்கு ஒவ்வொன்றாகத் தெரியும். அதை அவரிடம் சொல்லவில்லை.

"கட எப்டி தங்கச்சி?"

"நல்லா போகுது நாநா."

"யாவாரம்?"

"எப்பவும் போலதான். சீசன் நல்லா இருந்துச்சாம்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். மனம் நிறைந்து சொன்னதாகத்தான் இருந்தது. பக்கத்துப் பள்ளிவாசலில் ஒலிபெருக்கியைச் சரி பார்க்கும் சத்தம் கேட்டது.

"என்னய ஒத்தரும் தேடல்லயா?"

சொல்லியிருக்கலாம், எல்லோரும் தேடினார்கள் என்று. ஆனால் ஆயுள் முழுக்கக் கவுண்டரில் நின்று ஆளின் குரலைப் பார்த்தே மனதை அறிந்தவரிடம் அது எடுபடாது. சிவாவிடம் நான் முன்னரே கேட்டிருந்தேன். அவன் யோசித்துப் பார்த்துவிட்டு இல்லை என்றிருந்தான்.

"சீசன்ல யாருக்கும் நேரமில்ல நாநா. தேடல்ல."

அதோடு விட மனமில்லாமல் நானே தொடர்ந்தேன்.

"என்னோட மேசையிலயும் வேற ஆளு வேலை செய்யுது" என்றேன். "நான்தான் பழக்கினேன். ஒருத்தரும் என்னைக் கூப்பிடல்ல."

"கவலையா தங்கச்சி?"

"கவலைதான் நாநா."

"எனக்கும்தான்" என்றார். "போதும் போதும் என்டு நான்தான் கேட்டேன். கேட்டது கெடச்சா இப்டியும் ஈக்கும் போல."

பிறகு அவர் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தார். குடிக்கும் சத்தம் கேட்டது.

"கால் நல்லா வந்தா கடைக்குப் போவேன்" என்றார். "வேலைக்கில்ல. பேத்திக்குச் சட்டத் துணி எடுக்க. அந்தக் கடையில வாசலால வந்து நின்டு ஒரு துணி கேட்டு வாங்கினதில்ல நான்."

"எப்ப போறீங்கன்னு சொல்லுங்க, சிவாகிட்ட சொல்லி வைக்கிறேன்."

"வேணாம் தங்கச்சி. செல்லி வெச்சா வாசல்லயே கதிர போட்டு வெச்சிருவார்" என்றார் ரஸீன் நாநா. "நான் பத்து மணிக்கு மேல போறேன். போணி முடிஞ்ச பொறகு."